அவன் காட்டிய மலை

வாளி ஆற்றில் விழுந்த சத்தத்தோடு, "ஐயோ!" என்று ஒரு குரலும் கேட்டது.

லோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். கோலா சிலாங்கூர் படகுத்துறையின் ஓரத்தில் ஒரு பெண். மடியில் தாள், கையில் தூரிகை, கன்னத்தில் சேற்றுத் துளி. அந்தக் கண்கள்... அப்பப்பா, விடிந்தும் விடியாமல் ஒருத்தியால் இப்படி முறைக்க முடியுமா?

"கண்ணு தெரியலையா? படம் பூரா சேறு!"

"சோரி லா மிஸ்... ஆத்துல எவ்ளோ உப்பு ஏறியிருக்குன்னு பாக்க தினம் தண்ணி எடுத்து லேப்புக்கு அனுப்பணும். நான் வேலையா வந்தேன்."

"நான் மட்டும் சும்மாவா உக்காந்திருக்கேன்?"

"படந்தானே வரையறீங்க?"

"சாமி கும்பிடறேன்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. அடுத்த சில காலைகள் அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. அவனோ ஒரு வாளித் தண்ணீர் எடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

கடைசியில் அவள்தான் மனம் இறங்கினாள். பெயர் புனிதவதி. பக்கத்து ஊரான புக்கிட் ரோத்தானில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால், கிழக்கே வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச நேரம் நீலமாகத் தெரியும் மலையைக் காட்டினாள்.

"அந்த மலை எனக்கு முருகன். இந்தத் தண்ணி மாரியாத்தா. ரெண்டு பேரையும் ஒரே தாள்ல உக்கார வெச்சாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது விடியும். கண்ணால பாத்துத்தான் வரையணும். ஆத்துத் தண்ணியிலதான் கலர் கரைக்கணும்."

"ஃபோன்ல படம் பிடிச்சு வெச்சுக்கிட்டா?"

"அம்மா எதிர்ல இருக்கறப்ப அவங்க ஃபோட்டோவுக்கா சோறு போடுவீங்க?"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். அன்று முழுவதும் அவனுக்கு வேலை ஓடவே இல்லை...

பிறகு புகைமூட்டம் வந்தது. எங்கோ எரிந்த காட்டின் புகை இங்கே வந்து தங்கிவிட்டது. அது வந்த முதல் காலையே கிழக்கில் மலை இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

புனிதவதி காய்ந்த தூரிகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு அப்பாவுக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். நெஞ்சத் தொறக்கப் போறாங்க... நான் ஒரு நாளும் விட்டதில்ல. இன்னிக்குப் பாத்து விட்டுட்டா... அப்பாவுக்கு ஏதாச்சும்..."

அவளுக்குக் கண்ணீர் இமையோரம் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

"அங்க பாருங்க!" என்று கை நீட்டினான். "அந்தத் தென்னை மரத்துக்கு மேல. லேசா நீலமா... தெரியுதா?"

அது மேகம். மேகம் என்று தெரிந்தேதான் சொன்னான்.

அவள் வானத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு தூரிகையை நனைத்தாள்.

இரவு பெய்த மழையில் புகை கரைந்துபோனது. மறுநாள் லோகேஸ்வரன் படகுத்துறைக்கு வந்தபோது மலை பளிச்சென்று நின்றது. தென்னை மரத்துக்கு மேலே அல்ல, அதற்கு வெகுதூரம் இடப்பக்கத்தில்!

அடுத்தவள் கும்பிடும் சாமியில் நான் ஏன் கை வைத்தேன்? அவள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்...? சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது? சொன்னால் ஜென்மத்துக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

தண்ணீர் போத்தலை லேப்பில் போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கிள்ளானுக்கு விரட்டினான். வழியெல்லாம் மழை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொட்டச் சொட்டப் போய் நின்றவனைப் பார்த்து, புனிதவதியின் அம்மா கலாவதி பயந்தே போனார்.

"யாரும்மா இது?"

"ஆத்துல தண்ணி எடுக்குறவரும்மா."

"அதுக்குன்னு ஆத்தையேவா கொண்டாந்துட்டாரு?"

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். ஆபரேஷன் அறையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளை ஜன்னலோரம் கூப்பிட்டு, ஒரே மூச்சில் சொன்னான்.

"நேத்து நான் காட்டுனது மலை இல்லங்க. மேகம். நீங்க அழுதீங்க... தாங்கல, பொய் சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டுங்க. ஆனா சாமிகிட்ட நீங்க மன்னிப்பு கேக்காதீங்க. தப்பு என்னுது."

புனிதவதி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். ஆனாலும் போக மனம் வரவில்லை. சுவரோரம் நின்றான்.

கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"சிவானந்தம் ஃபேமிலி? நல்லபடியா முடிஞ்சது. பயப்பட வேணாம்."

கலாவதி ஓவென்று அழுதார். மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். லோகேஸ்வரன் சத்தமில்லாமல் படியிறங்கினான். பின்னாலேயே செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"எங்க ஓடுறீங்க?"

"இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உங்க முன்னால..."

"அந்த மலைய நான் பள்ளிக்கூடப் பிள்ளையா இருந்தப்பலருந்து வரையறேன். மேகம் எது, மலை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் படியிலேயே நின்றுவிட்டான்.

"தெரிஞ்சேவா வரைஞ்சீங்க? சாமி?"

"அத நான் சாமிகிட்ட பேசிக்கிறேன்." அவள் குரல் உடைந்தது. "வீட்டுல எல்லாருக்கும் தைரியம் சொல்றவ நான்தான். எனக்கு யாரும் சொன்னதில்ல. நீங்க மொத ஆளா கை நீட்டிக் காட்டுனீங்க... இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

மழை படிக்கட்டு ஜன்னலில் அடித்தது. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது அவன் வாயில் தானாக வந்தது.

"புனிதா... எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. இனிமே மலை தெரியலன்னா, தெரியலன்னு உண்மையச் சொல்லிடறேன். சத்தியமா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு படி இறங்கி வந்தாள்.

"வேணாம்," என்றாள். "பக்கத்துல உக்காந்து பொய்யே சொல்லுங்க."