அட்லரின் அம்மா எழுதிய கடிதங்கள்

தீபாவளிக் காலையில் கமலநாயகி தம்பி வீட்டுக் குசினிக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மேசையிலும் நிலத்திலும் ஈரக் கடதாசிகள். அவற்றுக்கு அடியில் விரிந்து கிடந்தது, தம்பி மனைவிக்கென்று அவள் மெட்ராஸிலிருந்து எடுப்பித்த புது வொயில் சீலை. அதில் நீல மை திட்டுத் திட்டாக ஊறியிருந்தது.

“ஆசையாத் தந்ததை நிலம் துடைக்கிற துணியாக்கிப் போட்டாய் என்ன சுந்தரி... நான் உனக்கு ஆரோதானே.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ மச்சாள்.” சுந்தரேஸ்வரியின் கண்கள் நிறைந்தன. “என்ர மற்றச் சீலையெல்லாம் நைலெக்ஸ். தண்ணியை உறிஞ்சாது. இது ஒண்டுதான் பருத்தி.”

முதல் நாள் பின்னேரம் நிலக்கீழ் அறையில் குழாய் வெடித்து, கீழ்வீட்டு அட்லர் கடிதங்கள் வைத்திருந்த பெட்டி நனைந்துவிட்டது. தனியாளான அந்த யூதர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் சூரிச்சில் படித்த காலத்தில், ஜெர்மனியில் இதே ஹனோவர் நகரத்திலிருந்து அவருடைய தாய் எழுதிய கடிதங்கள் அவை. தாயை நாஜிகள் கொண்டுபோன பிறகு அவருக்கு மிஞ்சியது அந்தக் கையெழுத்து மட்டும்தான். படிக்கட்டில் கதைத்துக்கொண்டு நின்றபோது அவரே ஒருநாள் சுந்தரேஸ்வரியிடம் சொன்னது.

தம்பி விமலநாதனும் மனைவியிடம் முகம் சுளித்தான். “நல்ல நாளும் அதுவுமா அக்காவை அழவைச்சிட்டாய். ஆரோ ஒருத்தரின்ர கடிதம் எங்களுக்கு ஏன்?”

“எங்கட கடிதங்களும் கலவரத்தில வீட்டோட எரிஞ்சுதானே போச்சு, இஞ்சேருங்கோ. அந்த மனுசனுக்காவது மிஞ்சட்டும்.”

அழுதபடியே அவள் ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஒற்றினாள்.

மத்தியானம் அட்லர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், தன் கதவில் சுந்தரேஸ்வரி ஒட்டியிருந்த துண்டுக் கடதாசியைப் பார்த்துவிட்டு ஊன்றுகோலோடு மேலே ஏறியிருந்தார். குசினியைக் கண்டதும் கதிரையில் தொப்பென்று இருந்தார். ஒரு தாளைக் கையில் எடுத்தவர், கண்ணீர் வழிய வழியச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு உரக்க வாசித்தார். சுந்தரேஸ்வரி தமிழில் சொன்னாள்.

“‘சோதினை கிடக்கட்டும், நீ ஒழுங்காச் சாப்பிடுறியே? கேக் அனுப்பியிருக்கிறன். கூடப் படிக்கிற பெடியளுக்கும் குடு. எல்லாத்தையும் குடுத்திடாதை, உன்னை எனக்குத் தெரியும்.’”

மெட்ராஸில் படிக்கும் மகனை நினைத்துக் கமலநாயகி வாயில் கைவைத்தாள். “போன கிழமை சொக்கிலேற் அனுப்பேக்கை நானும் என்ர பெடியனுக்கு இதைத்தானே எழுதினனான்.”

சிரித்தாள். சிரிப்பு அழுகையாயிற்று. எழுந்து வந்து சுந்தரேஸ்வரியை இறுகக் கட்டிக்கொண்டாள். “நான் ஒரு விசரி, பிள்ளை. நீ ஒரு தாயைக் காப்பாத்தி வைச்சிருக்கிறாய்.”

விமலநாதன் சேட்டுக் கையை மடித்துவிட்டு, மிச்சத் தாள்களைப் பிரிக்க மனைவியின் பக்கத்தில் வந்து இருந்தான்.

அட்லருக்குப் பாயாசம் வைத்த கமலநாயகிக்கு ஒரு கவலை தீரவில்லை. “அந்தச் சோதினை பாஸோ எண்டு கேள் சுந்தரி.”

எழுபதை நெருங்கிய மனிதர் வெட்கத்தோடு தலையைக் குனிந்தார்.

“ரெண்டாந்தரம்தான் பாஸாம் மச்சாள்.”

நாலு பேரும் சிரித்த சிரிப்பு, கீழ் வாசல்வரை கேட்டது.