பாப்பாயி காவல் இருந்த நாள்

பாப்பாயிக்கு வயது பத்து. அவள் "வந்தே மாதரம்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கம்பங்காட்டில் இறங்கிய கிளிகள் அத்தனையும் எழுந்து பறந்துவிடும். கவண் எடுக்கவே வேண்டியதில்லை.

"பாத்தியா, இந்தக் கிளியெல்லாம் வெள்ளைக்காரன் கட்சி. வந்தே மாதரம்னா ஓட்டம் புடிக்குது," என்று அண்ணன் நாச்சிமுத்து சிரிப்பான்.

சங்ககிரி மலைக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி அவர்கள் காடு இருந்தது. வீட்டில் அம்மா சென்னியம்மாள், அண்ணன், பாப்பாயி என்று மூன்றே பேர். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. எப்போதும் கதர்ச் சட்டைதான். அதை அவனே துவைப்பான். பாப்பாயியைக் கூடத் தொட விடமாட்டான்.

அது 1942ஆம் ஆண்டு, ஆவணி மாதம். தலைவர்களை எல்லாம் வெள்ளைக்காரச் சர்க்கார் பிடித்துச் சிறையில் போட்டிருந்தது. ஊரில் சண்முகவேல் என்று ஒருவர் இருந்தார். கூட்டங்களில் நன்றாகப் பேசுவார். "இனிமேல் நாம சும்மா இருந்தா நாமெல்லாம் மனுசரே இல்லை!" என்று அவர் கையை ஓங்கும்போது பாப்பாயிக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் அவசரமாக வந்தான்.

"அம்மிணி, நம்ம கடப்பாரை எங்க?"

"மாட்டுக் கொட்டாயில இருக்குதுண்ணா. எதுக்கு?"

"நாட்டுக்கு," என்றான் அண்ணன்.

அதற்கு மேல் பாப்பாயி கேட்கவில்லை. நுனி வளைந்த அந்தக் கனத்த கடப்பாரையை இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். நாட்டுக்கு அவளும் ஏதோ செய்துவிட்டாள் என்று அவளுக்கு அத்தனை பெருமை.

அண்ணன் அன்று வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பாப்பாயி சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளி விரட்டப் போனாள். காட்டில் கால் வைத்திருப்பாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மலையே சரிந்து விழுந்ததோ என்று நினைத்தாள். காலடியில் தரை ஆடியது. கிளிகள் யாரும் விரட்டாமலே பறந்தன.

பாப்பாயி ஓடினாள்.

பக்கத்துக் காடு தங்கசாமியுடையது. அவருடைய கம்புப் பயிருக்கு நடுவே ஒரு கூட்ஸ் வண்டியின் இஞ்சின் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன. புஸ்ஸென்று வெள்ளைப் புகை சீறியது. அதன் நடுவே ஏதோ அசைவது போலிருந்தது. பாப்பாயி கிட்டே போனாள்.

"வராதே பாப்பா! தள்ளி நில்லு! கொதிக்கிற ஆவி, சுட்டுடும்!"

யாரோ கத்தினார்கள். பாப்பாயி பயந்து பின்னால் குதித்தாள். அடுத்த நொடி, அவள் நின்ற இடத்தில் ஆவி பீறிட்டு அடித்தது. கம்புக் கதிர்கள் வெந்து சாய்ந்தன.

குரல் வந்த பக்கம் சுற்றிக்கொண்டு போனாள். இஞ்சினிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒருவர் மண்ணில் கிடந்தார். நீலச் சட்டை. வெளுத்த முகம். பூனைக் கண். வெள்ளைக்காரர்! பாப்பாயி இவ்வளவு பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் தமிழல்லவா பேசினார்?

"நீங்க துரைங்களா?" என்று கேட்டாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நான் என்ன துரை? ஆங்கிலோ இந்தியன், ஜோலார்பேட்டையில பொறந்தவன். வண்டி ஓட்டுறவன். பாப்பா, தண்ணி இருக்கா?"

சொம்பை அவர் வாயில் சாய்த்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி சட்டையில் வழிந்தது.

"சின்னுசாமி எங்கே? என் பயர்மேன், கரி அள்ளிப் போடுற பையன். தப்பிச்சானா?"

பாப்பாயி எட்டிப் பார்த்தாள். தண்டவாளத்தின் மேல் ஒருவர் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கமாகத் தள்ளாடி ஓடிக்கொண்டிருந்தார்.

"தப்பிச்சிட்டாருங்க. அக்கட்ட ஓடறாருங்க."

"நல்லது," என்றார் அவர். பிறகு பேசவில்லை. பாப்பாயி இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். அது உள்ளே போகவில்லை.

சொம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைக் கண்டாள். பெயர்ந்து கிடந்த தண்டவாளத்துக்குப் பக்கத்தில், கருங்கல் ஜல்லி மேல், நுனி வளைந்த ஒரு கடப்பாரை.

நேற்று அவள் இழுத்து வந்து கொடுத்தது. நாட்டுக்கு என்று கொடுத்தது.

ஒன்றும் யோசிக்காமல் அதை இழுத்துப் போய்த் தங்கசாமியின் கம்புக்குள் தள்ளினாள்.

அதற்குள் ஊரே திரண்டு வந்துவிட்டது. முன்னால் சண்முகவேல்.

"வெள்ளைக்காரன் ஒருத்தன் ஒழிஞ்சான்!" என்று அவர் கூவினார். "ஜே!" என்றது கூட்டம்.

"ஏனுங்க, அவரு தமிழ் பேசினாருங்க," என்றாள் பாப்பாயி. யார் காதிலும் அது விழவில்லை.

சண்முகவேல் கீழே கிடந்த டிரைவரின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித் துரை மாதிரி நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாயி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"அதைக் குடுங்க."

"எதுக்கு கண்ணு?"

"அவரு மூஞ்சியில ஈ மொய்க்குதுங்க."

சிரிப்பு குறைந்தது. சண்முகவேல் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் யாரோ "போலீஸ்!" என்று கத்த, கூட்டம் மொத்தமும் நாலு திசையிலும் சிதறி ஓடியது. போலீஸ் வரவில்லை. ஆனால் போனவர்களும் திரும்பவில்லை.

பாப்பாயி தொப்பியால் அவர் முகத்தை மூடினாள். காக்கைகள் வந்து பெட்டிகளின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. அவள் ஒரு கம்புத் தட்டையை ஒடித்து வைத்துக்கொண்டாள். ஒன்று இறங்கினால் விரட்டினாள். மறுபடி ஒன்று. மறுபடி விரட்டினாள். வந்தே மாதரம் என்று கத்த அவளுக்கு வாய் வரவில்லை. "சூ, சூ" என்று மட்டும் சொன்னாள்.

வெயில் ஏறியது. பின்னால் கம்பு சலசலத்தது. அண்ணன்தான். கதர்ச் சட்டையிலும் கையிலும் கறுப்பாகத் தண்டவாளத்து எண்ணெய் மசை அப்பியிருந்தது.

"இங்க என்ன பண்றே? அம்மா தேடறாங்க. ஊட்டுக்குப் போ."

"காக்கா வருதுண்ணா."

அண்ணன் கீழே கிடந்தவரைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வண்டியில என்ன இருந்துச்சுண்ணா?"

"பட்டாளத்துக்குச் சாமான் போகுதுன்னு சண்முகவேல் அண்ணன் சொன்னாரு." அவன் ஏறி நின்ற பெட்டிகளைக் காட்டினான். "எல்லாம் காலிப் பெட்டி. ஒண்ணுமே இல்ல."

"அவரு ஜோலார்பேட்டையாமா. தமிழ்தான் பேசினாரு."

"வெள்ளைக்காரன்னு நெனச்சோம்..."

"வெள்ளைக்காரரா இருந்தா மட்டும் சாகலாமாண்ணா?"

நாச்சிமுத்து கையில் அப்பியிருந்த மசையைச் சுரண்டினான்.

"என்னைத் தள்ளி நிக்கச் சொன்னாரு. இல்லீன்னா நான் வெந்து போயிருப்பேன். ஏண்ணா, நாம எல்லாரும் சேந்ததுதான் நாடுன்னு சொல்லுவீங்களே. அதுல இவரு இருக்காரா, இல்லையா?"

அண்ணன் அப்படியே குந்திவிட்டான். முழங்காலுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அண்ணன் அழுது பாப்பாயி பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் காக்கையை விரட்டிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் ஈரோட்டுப் பக்கமிருந்து உதவி ரயில் வந்தது. அண்ணன் கம்புக்குள் மறைந்துகொண்டான். அதிகாரிகளோடு பயர்மேன் சின்னுசாமியும் இறங்கினார். ஒரு கை, கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. பாப்பாயியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொங்கியது.

"இப்ப சந்தோசமா உங்க ஊருக்கு? அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்லையா?"

"நான் குடுத்தனுங்க," என்றாள் பாப்பாயி. "உங்களைத்தான் கேட்டாருங்க. தப்பிச்சானான்னு கேட்டாரு. தப்பிச்சிட்டாருன்னு சொன்னனுங்க. நல்லதுன்னாரு."

சின்னுசாமி அவளையே பார்த்தார். பிறகு, பெரிய ஆள், அவள் முன்னால் மண்டியிட்டு ஓவென்று அழுதார்.

ரயில்காரர்கள் டிரைவரை ஒரு பலகையில் கிடத்தி எடுத்துப் போனார்கள். பாப்பாயி தொப்பியைச் சின்னுசாமியிடம் கொடுத்தாள்.

இருட்டிய பிறகுதான் அண்ணன் வீட்டுக்கு வந்தான். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் போலீஸ் லாரி வந்தது. காடெல்லாம் தேடினார்கள். தங்கசாமியின் கம்புக்குள் கடப்பாரை கிடைத்தது.

"உன் காட்டில் இருக்குது. உன்னுது இல்லாம யாருது?" என்று தங்கசாமியின் கையில் விலங்கு மாட்டினார்கள். அவர் ஒரு கூட்டத்துக்குக் கூடப் போகாதவர். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி, பயிரும் போச்சுங்க சாமி," என்று அவர் கும்பிட்டது பாப்பாயி வீடு வரைக்கும் கேட்டது.

அவள் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்தாள்.

"நாந்தாண்ணா அதை அங்க போட்டேன். உங்களைப் புடிச்சிருவாங்கன்னு போட்டேன். தங்கசாமி மாமனைப் புடிப்பாங்கன்னு நினைக்கலண்ணா!"

நாச்சிமுத்து அவள் தலையில் கை வைத்தான். "நீ போடலைன்னாலும் இதுதான் நடக்கணும் அம்மிணி," என்றான். துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தான். மசைக் கறை போயிருக்கவில்லை. அதையே போட்டுக்கொண்டான்.

"சாமி, எங்க போறே?" அம்மா வாசலை மறித்தாள்.

"அது நம்ம கடப்பாரைன்னு சொல்லிட்டு வாரேன்மா."

அம்மா அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். நெடுநேரம் பிடித்திருந்தாள். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. தங்கசாமியின் மனைவி கதறினாள். அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

"வாரேன் அம்மிணி."

"போயிட்டு வாங்கண்ணா."

வரப்பு மேல் அவன் ஓடினான். ஒருவர் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. சண்முகவேலின் வீட்டுக் கதவும் சாத்தியே இருந்தது.

மத்தியானம் தங்கசாமி திரும்பி வந்தார். அண்ணன் வரவில்லை. மூன்று வருஷமாவது ஆகும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜோலார்பேட்டைக்காரர் எத்தனை வருஷம் கழிந்தாலும் வரமாட்டார் என்பது பாப்பாயிக்குத் தெரியும்.

அம்மா சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை. பாப்பாயி சுள்ளி பொறுக்கி வந்து மூட்டினாள். உலை வைத்தாள். ராகி மாவைப் போட்டுக் களி கிண்டினாள். அவள் தனியாகக் களி கிண்டுவது அதுதான் முதல் தடவை. களி கிண்டும் துடுப்பு அவள் தோள் உயரம் இருந்தது. புகையில் கண் எரிந்தது. கண்ணிலிருந்து வந்த தண்ணீரெல்லாம் புகையால்தானா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

ஒரு வாய் உருட்டி, கீரைக் கடைசலில் தோய்த்து, அம்மாவின் வாயருகே கொண்டு போனாள்.

"வேண்டாம் கண்ணு."

"ஒரு வாய்மா."

அம்மா வாயைத் திறந்தாள். மெதுவாக மென்றாள்.

"ஒரே கட்டி கட்டியா இருக்குது," என்றாள்.

"நாளைக்குச் சரியாக் கிண்டறேன்மா."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பாப்பாயிக்கும் ஒரு உருண்டை உருட்டிக் கொடுத்தாள். கட்டி கட்டியாக இருந்த அந்தக் களியை இரண்டு பேரும் கடைசி வாய் வரை சாப்பிட்டார்கள்.