முதலை வாய்க் கடையில் இரண்டு இலை

மனித உடம்பில் பொய் சொல்லத் தெரியாத ஒரே உறுப்பு நாக்குதான். ‘சத்திய நாக்கு’ சேனலின் ஒவ்வொரு வீடியோவையும் விஜயசங்கர் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்குவார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு வயிற்றுப்புண். காரத்தைத் தொட்டு ஐந்து வருடமாகிறது.

அதில் நான்கு வருடம், தென்காசி வட்டாரம் முழுக்க அவருக்காகச் சாப்பிட்டவன் பாண்டிராஜ். கேமராவுக்கு எட்டாத பக்கம் உட்கார்ந்து ருசி பார்த்து, விஜயசங்கரின் இடது காதில் மெல்லச் சொல்வான். காதில் விழுவதை யோசிக்காமல் திருப்பிச் சொல்வது அவருக்குப் பழகிவிட்டது. "மிளகு அம்மில அரைச்சது" என்று முணுமுணுப்பு வந்தால், "மிளகு அம்மியில் அரைத்தது, நேயர்களே" என்று முழங்குவார்.

போன வருடச் சாரல் சீசனில் ஐந்தருவிப் பக்கம் படம் பிடிக்கும்போது பாண்டிராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். இன்னும் ஒரே ஒரு ஷாட் என்றார் விஜயசங்கர். அந்த ஒரு ஷாட் இரண்டு மணி நேரம் ஓடியது.

இரங்கல் வீடியோவில் அவர் கண் கலங்கி, "நம்ம வண்டி டிரைவர் பாண்டிராஜ்" என்றார். பாண்டிராஜுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அதன்பிறகு வந்த வீடியோக்களில் எல்லாக் கடையிலும் உப்பு கச்சிதம், காரம் கம்பீரம். பார்க்கிறவர்கள் சும்மாவா இருப்பார்கள்? ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவர்களைத் திருப்பி இழுக்கத்தான் இந்த நேரலை.

இடம், புளியறை சாலையோரத்து முதலை வாய்க் கடை. வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிமெண்ட் முதலை. ரோஸ் பெயிண்ட் அடித்த அதன் நாக்கில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ‘நாக்கில் செருப்புடன் ஏறாதீர்’ என்று பலகை வேறு. அருவிக்கு வருகிற குடும்பங்கள் முதலைப் பல்லில் சாய்ந்து செல்ஃபி எடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் போய்ச் சாப்பிடுவார்கள்.

மத்தியானம்தான். ஆனால் மேகம் மலையை விட்டுச் சாலைக்கே இறங்கியிருந்தது. உள்ளே விறகுப் புகையும் ஈரச் சிமெண்ட்டும் வறுத்த மிளகும் கலந்த வாசனை. கூரைத் தகரத்தில் சாரல் விழும் சத்தம், முதலையின் தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"ரெண்டு இலை போடுங்க" என்றார் விஜயசங்கர். "எதிர் இலைல கோழி, குழம்பு எல்லாம் வைங்க. அது படத்துக்கு." கேமரா பிடிக்கப் புதிதாகச் சேர்ந்த மேலகரத்துப் பெண் ஷாரோனிடம் குரலைத் தாழ்த்தினார். "என் இலையக் காட்டிராதம்மா. டயட்."

கடைக்கார முப்பிடாதியம்மாள் எதிர் இலையில் சோற்றைத் தட்டினாள். "அவுக வந்து உக்காரட்டும். குழம்ப ஊத்துதேன்."

"யாரு?"

"எப்பவும் கூட வருவாவல்லா. வாசல்ல செருப்பக் கழத்திட்டு இருக்காவ."

"அவரு போயிட்டாரு, அக்கா."

"எங்கன?"

விஜயசங்கர் வாசலைப் பார்த்தார். உள்ளே வந்தது இரண்டு பேர்; மூன்று ஜோடிச் செருப்பு கிடந்தது.

"இந்தா, வந்துட்டாவ" என்று முப்பிடாதியம்மாள் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஷாரோன் கையைக் காட்டினாள். நேரலை தொடங்கிவிட்டது. விஜயசங்கர் கண்ணை மூடி, நாக்கைப் பற்றிய வாக்கியத்தைச் சொன்னார்.

இடது காதில் ஈரமான மூச்சு பட்டது.

"மல்லி கூடுதல்."

"மல்லி சற்றே கூடுதல், நேயர்களே."

அவருக்குப் பயம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

"கோழி வெடக்கோழி. பதமா வெந்திருக்கு."

"வெடக்கோழி, நேயர்களே. பதமாக வெந்திருக்கிறது."

பார்வையாளர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஷாரோன் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"நெஞ்சு வலிக்கி அண்ணாச்சி."

"நெஞ்சு வலிக்கிறது, நேயர்களே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

வாயை மூடப் பார்த்தார்.

மூட முடியவில்லை.

"ஒரே ஒரு ஷாட்டுன்னியளே."

"ஒரே ஒரு ஷாட் என்றீர்களே, நேயர்களே."

"நான் என்னைக்கு அண்ணாச்சி வண்டி ஓட்டுனேன்?"

"நான் என்னைக்கு அண்ணாச்சி வண்டி ஓட்டுனேன்?"

இந்த முறை ‘நேயர்களே’ வரவில்லை. குரலும் அவருடையதாக இல்லை.

"சார்" என்றாள் ஷாரோன், மூச்சுக்குள். "இலையப் பாருங்க சார்."

அவள் கேமராவைத் தாழ்த்தியிருந்தாள். எதிர் இலையில் பாதிச் சோறு இல்லை. மீதியில் விரல்கள் பிசைந்த தடம். எலும்புகள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் குறைந்தது.

பிறகு இலை மெல்ல எழும்பி, வெளிப்பக்கமாக மடிந்தது. துக்க வீட்டில் சாப்பிட்டவர்கள் மடிப்பதுபோல.

விஜயசங்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, சாரலில் வெறுங்காலோடு ஓடினார். ஷாரோன் கேமராவைப் பக்கத்து மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். நேரலையை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வீடியோவை இதுவரை நான்கு தடவை அழித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் அது சேனலில் இருக்கிறது. கடைசிப் பதினோரு நிமிடமும் ஒரே காட்சிதான். மேசையில் மடித்து வைத்த ஓர் இலை. அதற்கு எதிரே, யாரும் கைவைக்காத விஜயசங்கரின் இலை.

அதில் இருப்பது, வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதம்.