சாவதற்கு இரண்டு பேர்

எங்கள் தெருவில் இப்போது யாரும் செத்தவர்களுக்காக அழுவதில்லை. மூன்றாம் நாள் காலை, பால்வண்டிக்குப் பின்னாலேயே மீளுடல் வண்டி வந்துவிடும். விரல்ரேகை வாங்கிக்கொண்டு, போனவரைப் புத்தம்புது உடம்போடு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். சர்க்கரை இருக்காது, மூட்டுவலி இருக்காது. பாளையங்கோட்டையில் பிறந்த உடம்போடு மிச்சமிருப்பது நானும் இரண்டு தெருநாய்களும்தான். அதிலும் ஒரு நாய்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

மறுநாளே அனுப்ப முடியுமாம். வேதத்தில் ஆண்டவர் உயிர்த்தது மூன்றாம் நாள் என்று இருப்பதால் விளம்பரத்துக்குத் தோதாக வைத்துக்கொண்டானாம் கம்பெனிக்காரன். அதைக் கேட்ட அன்று நான் போட்ட சத்தத்தில் கோயில் மணி தானாக அடித்தது.

உயிரோடு இருக்கும்போதே நினைவுகளையெல்லாம் நகலெடுத்து ஒரு படி வைத்துக்கொள்வார்கள். செத்ததும் அதைப் புது உடம்பில் ஏற்றுவார்கள். பழைய உடம்பைப் போன வருடம் வரை புதைத்தார்கள். இப்போது கம்பெனியே எரித்துவிடுகிறது. என் மனைவி நவமணி படி எடுக்க மறுத்துவிட்டாள். "என்னை எழுப்ப ஒருத்தர் இருக்காரு, நீங்க அலைய வேண்டாம்" என்றாள். கல்லறைத் தோட்டத்தில், கிழக்கே கால்நீட்டிக் காத்திருக்கிறாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் சபைக் கமிட்டி கூடியது. செயலர் டென்னிசனுக்கு இது மூன்றாவது உடம்பு; மூன்றிலும் அதே மண்டைதான். கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்ட வேண்டும், ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் சரீர உயிர்த்தெழுதல் வரியை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான்.

"எல்லாரும்தான் உயிர்த்தாச்சே. இன்னும் என்னத்துக்குக் காத்திருக்கணும்? சாகதுக்கும் ஆளில்ல."

எழுபத்தெட்டு வயதில் பெஞ்சுமேல் ஏறி நின்றேன். "நான் இருக்கேன்லா வே, சாகதுக்கு!"

ஒரு ஆளுக்காக ஒரு தோட்டமா என்று சிரித்தார்கள். நவமணியின் எலும்பை மரியாதையாக எடுத்துக் கொடுப்பார்களாம். பெஞ்சு உடையக் கத்தினேன். தலைமையில் இருந்த போதகர் ஐயர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஆசீர்வாதம் எழுந்தார். பாடகர் குழுவில் என் பக்கத்து ஆள். போன வருடம் இறந்தார். மகள் அழுததற்காகப் படி எடுத்துவைத்திருந்தார். நவமணிக்குப் பக்கத்துக் குழியில் இருப்பது அவருடைய பழைய உடம்பு. புதுத் தொண்டைக்கு எந்த உச்சமும் எட்டும். ஆனால் வந்த நாளிலிருந்து அவர் பாடவே இல்லை.

"டென்னிசா, அங்க கிடக்கவன் நான் இல்ல. அவன் ஞாபகம் எங்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். அவன் எதை நம்பிக் கண்ணை மூடியிருப்பான்னு எனக்குத் தெரியும். அவனை இன்னும் யாரும் எழுப்பல. என்னை உண்டாக்குனாங்க."

"இப்ப என்ன செய்யணுங்கீரு?"

"காலைல போயி என் படியை அழிச்சிட்டு வந்துட்டேன். இனி எனக்கும் சாவு உண்டு. சாகதுக்கு ரெண்டு பேருன்னு எழுதிக்கோ."

ஐயரின் பார்வை விசிறியிலிருந்து இறங்கியது. எழுப்பப்பட்டவர் என்று நாம் சொன்னவரே தன்னை யாரும் எழுப்பவில்லை என்கிறார், இனி எதை வைத்துத் தோண்டுவது என்று கேட்டு, தீர்மானத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

ஈஸ்டர் விடியலில் நாங்கள் இருவரும் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். என் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆசீர்வாதம் தன் பெயர் பொறித்த கல்லைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இவன் எழும்பி, நீ யாருன்னு என்னைக் கேட்டா என்னவே சொல்ல?"

"நான் பக்கத்துலதான கிடப்பேன்," என்றேன். "நான் சொல்லிக்கிடுதேன்."