ஒரு மணி நேரச் சாயம்

கதவின் அகலம் மூன்றடி. பெட்டியின் அகலமும் மூன்றடி. அதனால் பெட்டி பரிசோதனைக் கூடத்தின் வாசலிலேயே சிக்கிக்கொண்டது. உள்ளே அவள். வெளியே, மழையில் தொப்பலாக நனைந்த அவன். நடுவில், யானைக்குட்டி எடையில் ஒரு மெஷின்.

"கொஞ்சம் வழி விடுங்க மேடம்."

"வழியை அடைச்சிட்டு நிக்கிறது நீங்க. என்னைப் போய் வழி விடச் சொல்றீங்க?"

பெட்டிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன... நீர் சொட்டும் இமைகள். அவை முறைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். பாழாய்ப்போன அந்தக் கண்கள் சிரித்தன!

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'சொட்டு மேடம்'. மார்பகக் கட்டியில் எடுத்த சதையை முடியிழையைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சாயம் ஏற்றுவாள். செல்லின் நடுப்புள்ளி பழுப்பானால், கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது, மாத்திரையால் அடக்கலாம் என்று பொருள். பழுப்பாகாவிட்டால் அந்த வழி அடைபட்டது. ஒரு தடவைக்கு ஒரு முழுப் பகல். ஒன்பது வருடத்தில் அவள் விட்ட சொட்டுகளுக்கு ஒரு கிணறு நிரம்பியிருக்கும் என்பார்கள். அளந்தவர் யாருமில்லை, மறுத்தவரும் இல்லை.

"இந்த மெஷின் ஒரு மணி நேரத்துல முடிச்சிடும்" என்றான், அதைப் பொருத்திக்கொடுக்க ஒரு வாரத்துக்குக் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெட்டிக்காரன்.

"அப்புறம் நான் என்ன பண்றது?"

"நீங்க... டீ குடிக்கலாம்."

அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே சதையில் அவள் கையால் ஒரு ஸ்லைடு, மெஷினில் ஒரு ஸ்லைடு என்று நான்கு நாள் பந்தயம் நடந்தது. நான்கு நாளும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அவளுக்கு வயிறு எரிந்தது. 'வந்து ஒரு வாரம்கூட ஆகலை, என் வேலையை முழுங்கப் பாக்குது...' ஆனாலும் அவன் மெஷினைத் தட்டிக்கொடுத்து, "கண்ணு, இன்னிக்கும் சமர்த்தா இரு" என்று கொஞ்சுவதைக் கேட்டபோது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை. மெஷின் பார்த்தது. வெளியே சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், முந்தின நாள் மார்பில் ஆபரேஷன் ஆன ஒரு தையற்காரம்மாவின் ஸ்லைடு. வந்த துண்டு துளியூண்டு என்பதால் மெஷினில் மட்டும் ஏற்றினார்கள். அந்தம்மா காலையிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரையா, இல்லையா? எதுவானாலும் சீக்கிரம் சொல்லு கண்ணு. நாப்பது சட்டைக்குக் கை வைக்காம கிடக்குது."

ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒரு புள்ளிகூடப் பழுப்பாகலையே! மெஷின் சொதப்பிடுச்சா? அப்படின்னா இன்னிக்கே திருப்பி அனுப்பிடலாம்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும்... அவள் வேலை நிலைக்கும். பெட்டி போய்விடும். பெட்டிக்காரனும்... அவள் ஸ்லைடைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"மெஷின் மேல தப்பில்ல டாக்டர். ஸ்லைடு ஓரத்துல நாம ஒட்டுற, பழுப்பாகும்னு முன்னாலேயே தெரிஞ்ச சாட்சித் துண்டு நல்லாப் பழுப்பாகியிருக்கு, சாயம் சரிதான். ஆனா இந்தம்மாவோட நல்ல செல்லும் வெளுத்துக் கிடக்கு. அதுல கொஞ்சமாவது பழுப்பாகியே தீரணும். சதை, பதப்படுத்துற ஃபார்மலின் மருந்துல சரியா ஊறலை."

"தப்பு என்னோடது டாக்டர்." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "ஆபரேஷன் தியேட்டர்ல போய், அன்னிக்கே ரிசல்ட் கிடைக்கும்னு பீத்திக்கிட்டேன். அதை நம்பி ஒரு மணி நேரத்துலயே வெளிய எடுத்துட்டாங்க. ஆறு மணி நேரமாவது ஊறணும்னு நான் சொல்லலை."

"மாத்திரை பலிக்காதுன்னு எழுதப் பேனாவைத் திறந்துட்டேன்யா..." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வேற துண்டு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. நேத்துலேர்ந்து ஃபார்மலின்லதான் கிடக்கு" என்றாள் அவள்.

மறுநாள் அந்தத் துண்டு மெஷினுக்குள் போனது. ஒரு மணி நேரம் அவனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து கடிகாரத்தை முறைத்தார்கள். கடிகாரம் கூச்சப்பட்டு மெதுவாக ஓடியது.

"ரெண்டு பேரும் பாத்து வைங்க, வந்துடறேன்" என்று டாக்டரம்மா வார்டுக்குப் போனார்.

டாக்டர் அறை மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு தலை. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் ஒரே செல்லைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அவள் ஸ்லைடை நகர்த்தினாள்.

பழுப்பு... அங்கே ஒரு புள்ளி, இங்கே பத்து... பார்த்த இடமெல்லாம் பழுப்பு!

"மாத்திரைதான்..." என்றாள் அவள். "தையற்காரம்மாவுக்கு மாத்திரை வேலை செய்யும்ங்க!"

அவன் தன் பக்கத்துத் தலைக்குள் பார்த்தபடியே, "மேடம்... ஸ்லைடு ஆடுது. திருகு தளர்ந்திருக்கும், பாக்கட்டுமா?" என்றான்.

"திருகெல்லாம் சரியாத்தான் இருக்கு. என் கை நடுங்குது."

"ஏன்?"

"கண்ணை எடுக்காதீங்க. என்னைப் பாத்தீங்கன்னா சொல்ல மாட்டேன்."

அவன் எடுக்கவில்லை. இமைக்கக்கூட இல்லை.

"நாளைக்குக் கிளம்புறீங்களாமே... போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா, சொல்லாம இருக்க முடியல."

வெளியே பெய்துகொண்டிருந்த மழை, பதிலைக் கேட்பதற்காகச் சற்று நின்றது.

"இங்கயே வேலை போட்டுக் குடுங்கன்னு கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வெச்சிருக்கேன்ங்க. காரணம்னு ஒரு கோடு இருக்கு. அதை மட்டும் காலியா விட்டிருக்கேன்."

"ஏனாம்?"

"உங்களைக் கேக்காம உங்க பேரை எப்படிங்க எழுதறது?"

கதவருகே வந்த டாக்டரம்மா, இருவரும் தலை நிமிராமல் வேலை பார்ப்பதைக் கண்டு, 'என்ன பொறுப்பு!' என்று மெச்சியபடி வந்த வழியே திரும்பினார்.

"எழுதிக்கோங்க..." என்றாள் அவள், கண்ணை எடுக்காமலே. "எழுத்துப் பிழை மட்டும் வேண்டாம்."