கொடியேற்றிய நாளில் தணிகை

வாரத்துக்கு ஒருமுறை இடது நுரையீரலைக் கழற்றிக் கழுவுவது செவ்வாயில் எல்லோருக்கும் உள்ள வேலைதான். செந்தூசி அப்படி அடைத்துக்கொள்ளும். அன்று காலை தணிகை அதைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, ஒற்றை நுரையீரலோடு உட்கார்ந்திருந்தபோது வாசல் மணி அடித்தது. திறந்தால், வரலாற்றி நின்றது!

தணிகைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காற்று வடிகட்டி துடைக்கிற தொழிலாளியின் வீட்டுக்கு வரலாற்றியா! செவ்வாயின் சரித்திரத்தை எழுத அரசு அமைத்த இயந்திரம் அது. பூமியின் பிடியிலிருந்து விடுதலை பெற்று முப்பது ஆண்டுகள். விடுதலைக் கொடியேற்றிய அன்றைய ஒளிப்பதிவுகளை ஒரு சூரியப்புயல் அழித்துவிட்டதால், வீடுவீடாகக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. யாரோ ஒரு சாமானியரின் கதையோடு புத்தகம் தொடங்கும். அவர் பெயர் முதல் பக்கத்தில் வரும் என்று ஊரே பேசிக்கொண்டது.

“செந்திரு! ஓடி வா! நம்ம வீட்டுக்கு வந்துடுச்சு!” என்று கத்தினார். மூச்சு வாங்கியது. மனைவி செந்திரு ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“கொடியேற்றிய நாளில் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டது வரலாற்றி.

“சதுக்கத்துலதான்! முதல் வரிசை! கொடிக்கயிறு என் தோள்ல உரசிச்சுங்க. எல்லாரும் அழுதாங்க... நானும்...”

வரலாற்றியின் விளக்கு மங்கியது. “நன்றி. உங்களோடு சேர்த்து எட்டாயிரத்து நாற்பது பேர். எல்லோரும் சதுக்கத்தில், எல்லோரும் முதல் வரிசையில். அங்கே அறுநூறு பேருக்கு மேல் நிற்க இடமில்லை.”

அது திரும்பியது. தணிகையின் முகம் தொங்கிப்போனதைச் செந்திருவால் பார்க்க முடியவில்லை.

“நில்லுங்க! ஏங்க, எதுக்குப் பொய்? அன்னிக்கு நம்ம கக்கூஸ் அடைச்சுக்கிட்டு வீடே நாறிச்சு. காலைலேருந்து குழாய்க்குள்ள கைய விட்டுட்டு இருந்தீங்க. வெளிய ஆரவாரம் கேட்டப்போ, ‘யாருடி அது, வேலை நேரத்துல கத்துறது’ன்னு எரிஞ்சு விழுந்தீங்களே!”

“ஆமாங்க,” என்று முனகினார் தணிகை. “பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் விடுதலையானதே தெரியும். ஆனா சாயங்காலம் அடைப்பு விட்டு, தண்ணி சர்ருனு இறங்கிச்சு பாருங்க... அப்போ நானும் ஆடினேன்!”

வரலாற்றியின் அத்தனை விளக்குகளும் ஒரேயடியாக எரிந்தன. “கிடைத்துவிட்டார்!” என்று கூவியது. இயந்திரம் கூவி அதுவரை யாரும் கேட்டதில்லை.

புத்தகம் வெளியானது. முதல் பக்கத்தில் தணிகை, குழாய், அடைப்பு. தெருவே திரண்டு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது.

மறுவாரம் வரலாற்றிக்குத் திருத்தக் கடிதங்கள் குவிந்தன. தாங்களும் அன்று சதுக்கத்துக்குப் போகவில்லை, தங்கள் வீட்டுக் கழிப்பறையும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது என்று எட்டாயிரத்து முப்பத்தொன்பது பேரும் சத்தியம் செய்திருந்தார்கள். அதிபர் உட்பட.

வரலாற்றி எல்லாவற்றையும் பதிந்துகொண்டது. அப்படியானால் கொடியை ஏற்றியது யார் என்பதுதான் அதற்கு விளங்கவேயில்லை.