மூணாம் ரூமில் யாருமில்லை

அக்காதான் அவளை அந்தக் குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். ஆப்பிள் பெட்டி அடுக்கும் வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே மூச்சு புகையாக வரும். ஈர அட்டையும் அழுகின பழமும் கலந்த வாடை மூக்கை விட்டுப் போகாது.

மூணாம் ரூமில் கதவின் உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்து போயிருந்தது. மாட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. அதைச் சரிசெய்யாமல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பூட்டும் முன் மேஸ்திரி இரும்புக் கம்பியால் கதவைத் தட்டுவார். கையால் தொடவே மாட்டார்.

"உள்ள யாரு?"

"யாருமில்ல" என்று வெளியே நிற்கும் எல்லோரும் சொல்ல வேண்டும். ஒருத்தி வாயை மூடிக்கொண்டு நின்றாலும் பூட்டமாட்டார்.

முதல் நாளே அவளுக்குக் கேட்டது.

டொக். டொக்.

"உள்ளேருந்து யாரோ தட்டுறாங்க."

"குழாய்ல ஐஸ் கட்டுற சத்தம்டி" என்றாள் வண்டி தள்ளுகிறவள். "விட்டா ஆப்பிள் பேசுதும்பா போல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அவள் விடவில்லை. கதவைத் திறக்கவைத்தாள். பெட்டிகள்தான் இருந்தன.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியானது. அக்காவின் பக்கத்திலும் ஆளில்லை.

"உனக்கும் கேக்குதுல்லக்கா?"

"எல்லாருக்குந்தான் கேக்குது. அதுக்கு? உன்னால என்னையும் ஒதுக்குறாளுங்க. யாருமில்லன்னு சொல்லித் தொலையேன். காசா பணமா?"

அன்று சாயங்காலம் அவளும் சொன்னாள்.

உள்ளே தட்டுவது நின்றது. வண்டி தள்ளுகிறவள் அவள் தோளில் கை போட்டாள். அக்கா தன் டீயில் பாதியை அவளுக்கு ஊற்றினாள்.

வாரக் கடைசி வந்தது. மறுநாள் விடுமுறை. கிளம்பும் நேரத்தில் அக்கா, "என் கையுறைய உள்ள விட்டுட்டேன், எடுத்துட்டு வாடி" என்றாள். கையுறை கடைசி வரிசைக்குப் பின்னால் கிடந்தது. குனிந்து எடுப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

கம்பி தட்டும் சத்தம்.

"உள்ள யாரு?"

அவள் தடவித் தடவி ஓடிவந்து கதவில் அடித்தாள். "அக்கா, நான்தான்."



"யாருமில்ல." பல குரல்கள். அக்காவின் குரல் அதில் இல்லை.

"என்னடி, உனக்கும் ஆப்பிள் பேசுதா?" வண்டி தள்ளுகிறவள் அக்காவிடம் கேட்டாள். சிரிப்பு.

"அக்கா."

அக்கா தொண்டையைச் செருமினாள்.

"யாருமில்ல."

பூட்டு விழுந்தது. காலடிகள் நகர்ந்தன. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

இருட்டில் ஒரு கை அவள் கையைப் பிடித்து நிறுத்தியது. உறைபனி படிந்த கை.

"விடு. கை புண்ணாகும்" என்றது ஒரு பெண் குரல். "அந்த மேஸ்திரி என் கூடப்பொறந்த அண்ணன்."